பசியிலிருந்து வெளியேறிய குடும்பம்

மாவு வரும், மாவு வரும் என்று ஏழு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வந்தது மாவு அல்ல. மாவு யாருக்கெல்லாம் வேண்டும் என்று கேட்கிறவர்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பசித்தவன் கையில் ஒரு ரொட்டியைக் கொடுப்பது யாருக்கும் கைவந்த வேலைதான். அவனுக்கு எவ்வளவு பசிக்கிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் போட்டுச் சொல்வதற்குத்தான் படிப்பு வேண்டும். அப்படிப் படித்தவர்கள் நடத்துவது பசி அளவீட்டு மையம்.

மையத்திடம் மாவு கிடையாது. மாவு வைத்திருப்பது வேறொரு அமைப்பு, அதை ஏற்றி வருவது மூன்றாவது அமைப்பு. லாரியை எல்லைக் கதவுக்கு இந்தப் பக்கம் விடலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பவர்கள் எந்த அமைப்பிலும் இல்லை; அவர்களிடம் பீரங்கி வண்டிகள் இருந்தன. மையத்தின் வேலை ஒவ்வொரு கூடாரமாகப் போய்க் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவது. இருபத்தெட்டுக்குக் கீழே வாங்கிய குடும்பத்துக்கு மாதம் ஒரு மூட்டை மாவு. அதற்கு மேல் வாங்கினால் தேர்ச்சி. தேறிய குடும்பத்துக்கு ஒன்றும் கிடையாது.

தேர் அல் பலாஹ் கடற்கரையில் ஏழாவது வரிசையில், முப்பத்தொன்றாம் கூடாரத்தில் இருந்த வஜீஹுக்கு இந்தத் தேர்வில் தேறும் எண்ணம் துளியும் இல்லை. சொந்த ஊரான பெய்த் லாஹியாவில் அவர் ஸ்ட்ராபெரி பயிர் போட்டுக்கொண்டிருந்தவர். ஆறு முறை இடம்பெயர்ந்து இங்கே வந்து சேர்ந்ததில் நிலம், வீடு, தண்ணீர் மோட்டார் எல்லாம் போய், மூத்த மகன் நிஸாரின் பெயரால் ஊரார் கூப்பிடும் அபூ நிஸார் என்ற பெயர் மட்டும் கூடவே வந்திருந்தது. நிஸாரின் காலில் இடுப்பு வரை மாவுக்கட்டு. ஓடிப்போய் லாரியில் ஏறி மூட்டையை இழுத்து வரும் இளைஞர் கூட்டத்தில் அவனால் சேர முடியாது. ஆகவே மருமகளும் மூன்று பேரப்பிள்ளைகளுமாக ஏழு வயிறுக்கும் இருந்த ஒரே வழி அந்தப் பட்டியல்தான்.

ஆய்வுக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் கூடாரத்தில் இருந்தது இவ்வளவுதான்: ஊறவைத்துப் பிசைந்து ரொட்டியாகத் தட்டுவதற்கென்று இரண்டு கிலோ மக்ரோனி, அரை டப்பா பருப்பு, கொஞ்சம் உப்பு. தோற்பதற்கு இதைவிட நல்ல தயாரிப்பு இருக்க முடியாது என்று வஜீஹ் நிம்மதியாக இருந்தார். மறுநாள் காலையில் மனைவி இன்ஷிராஹ் அடுப்பு முன்னால் உட்கார்ந்து பருப்பை வறுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அந்த நிம்மதி போய்விட்டது.

"என்ன பண்றே?"

"காபிக்கு. பருப்பைக் கருக வறுத்து இடிச்சா நிறமாவது வரும்."

"யாருக்குக் காபி?"

"வர்றவங்களுக்கு. பக்கத்துக் கூடாரத்து உம் லுத்ஃபிகிட்ட ரெண்டு ஸ்பூன் சர்க்கரை கைமாத்தா வாங்கிட்டேன். முப்பத்தி நாலாம் கூடாரத்துலேருந்து கோப்பை வருது. காது உடையாத கோப்பை அவங்ககிட்ட மட்டும்தான் இருக்கு."

"அவங்க நம்ம பசியை அளக்க வர்றாங்க இன்ஷிராஹ். விருந்துக்கு வரலே."

"நம்ம வாசல் தாண்டி உள்ளே வந்து உக்காந்தா விருந்தாளிதான். வெறும் வாயோட அனுப்பிட்டா ஊர்ல நம்ம பேரு என்னாகும்?"

"ஊரே இல்லையே."

"ஊர் இல்லேன்னா பேரும் வேணாமா? நல்லாருக்கே நீங்க பேசறது!"

உண்மையைச் சொன்னால், மனைவி காபி வைக்காமல் இருந்திருந்தால் அவரே கேட்டிருப்பார்.

மையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் உஸ்தாத் ஸஃப்வான், இந்தக் கடற்கரை முழுவதற்கும் பொறுப்பானவர். மற்றவள் ஹனீன் என்ற மெலிந்த பெண். கேள்வி கேட்பது அவர், பதிலைக் கையிலிருக்கும் பலகைக் கணினியில் தட்டுவது இவள். இருவரும் பாய் மேல் உட்கார்ந்தார்கள். காபி வந்தது. உதவிப் பெட்டியில் எப்போதோ வந்து பேரப்பிள்ளைகளுக்காக ஒளித்து வைத்திருந்த பேரீச்சம்பழ பிஸ்கட் ஒன்று, நான்காக வெட்டப்பட்டுத் தட்டில் பூப்போல வந்தது.

"கடந்த ஏழு நாளில் இந்தக் குடும்பம் எத்தனை நாள் சர்க்கரை உட்கொண்டது?" என்று ஸஃப்வான் படித்தார்.

"ஒரு நாள்கூட இல்ல உஸ்தாத்."

ஸஃப்வான் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் பார்த்தார். "இதுல இருக்கே?"

"அது உங்களுக்கு."

"எங்களுக்குத்தான். ஆனா எங்கேருந்து வந்துச்சு? உங்க வீட்டுதுதானே?"

வஜீஹ் மனைவியைப் பார்த்தார். இன்ஷிராஹ் தலைத்துணியின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். குடித்துக்கொண்டிருக்கும் விருந்தாளியிடம் இது இரவல் வாங்கியது என்று சொல்வதா? பெய்த் லாஹியாவில் அவருடைய அப்பா காதில் விழுந்திருந்தால் செருப்பு பறந்து வந்திருக்கும்.

"நம்ம வீட்டுதுதான். தாராளமா குடிங்க," என்றார் வஜீஹ்.

ஹனீன் தட்டினாள்.

"காபி வித்தியாசமா இருக்கே. பருப்பா?" ஸஃப்வானுக்கு நாக்கு நல்ல நாக்கு. "பருப்புன்னா புரதத்துல வரும். காபின்னா பானத்துல வரும். ரெண்டுலேயும் போடும்மா. ஒருத்தருக்கும் அநியாயம் நடக்கக் கூடாது."

மூன்றாம் நாள் வஜீஹின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. சூரியத் தகடு வைத்திருப்பவனிடம் கொடுத்து மின்னேற்றி வாங்கித்தான் அதைப் படிக்க முடிந்தது. 'வாழ்த்துகள்! உங்கள் குடும்பம் 41 மதிப்பெண்களுடன் பசியிலிருந்து வெளியேறிவிட்டது. இந்தப் பயணத்தில் உங்களுடன் இருந்ததில் மகிழ்கிறோம்.' வஜீஹ் அதை இரண்டு முறை படித்தார். வாழ்நாளில் அவருக்கு எழுத்தில் வந்த முதல் வாழ்த்து அது. தலை சுற்றியது. பசியில் சுற்றியதா வாழ்த்தில் சுற்றியதா என்று அவருக்குத் தெரியவில்லை.

முறையீட்டுக் கூடாரம் முகாமின் மறுகோடியில் இருந்தது. உங்கள் குரல் எங்கள் செல்வம் என்று வெளியே எழுதியிருந்தது. உள்ளே அதே ஸஃப்வான். அளப்பவரும் அளவைப் பற்றிய புகாரைக் கேட்பவரும் ஒருவராக இருந்தால் ஒருங்கிணைப்பு சிறக்கும் என்று மையம் கண்டறிந்திருந்தது.

"உஸ்தாத், நாங்க பசியாத்தான் இருக்கோம்."

"அபூ நிஸார், உட்காருங்க. நீங்க பசியா இருக்கீங்கன்னு நீங்க சொல்றீங்க. அது உங்க கருத்து. அதை நான் மதிக்கிறேன். ஆனா என்கிட்ட இருக்கறது தரவு. கருத்தை நம்பி மாவு குடுத்தா தரவுக்கு என்ன மரியாதை?"

"அந்தச் சர்க்கரை எங்களுது இல்ல. கைமாத்து வாங்கினது."

ஸஃப்வான் முகம் மலர்ந்தது. பேனாவை எடுத்தார். "இதைத்தான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். யார்கிட்ட வாங்கினீங்க? கூடார எண் சொல்லுங்க, உங்க கணக்குல கழிச்சு அவங்க கணக்குல ஏத்திடறேன்."

வஜீஹ் வாயைத் திறந்தார். உம் லுத்ஃபிக்கு ஐந்து குழந்தைகள். கணவன் போன குளிர்காலத்தில் இடிபாட்டுக்குள்ளேயே தங்கிவிட்டான். அந்த இரண்டு ஸ்பூன்தான் அவளிடமிருந்த கடைசி சர்க்கரை. வஜீஹ் வாயை மூடிக்கொண்டார்.

"ஞாபகம் இல்ல உஸ்தாத்."

"ஆதாரம் தர மறுத்தார்," என்று ஸஃப்வான் சொல்லிக்கொண்டே எழுதினார். "பரவாயில்லை. மறு அளவீடு உங்க உரிமை. மூணு பேரா வருவோம்."

அந்த வாரம் முழுக்க வஜீஹ் மனைவியின் காலில் விழாத குறை. "ஒரு சொட்டுத் தண்ணிகூட நீட்டாதே. கல்லு மாதிரி உக்காரு. அவங்க போற வரைக்கும்தான்." இன்ஷிராஹ் கடைசியில் ஒப்புக்கொண்டாள். "உங்க தலையில அடிச்சுச் சத்தியம். ஆனா அன்னிக்கு என் முகத்தைப் பாக்காதீங்க," என்றாள்.

அவள் சொன்னபடியே செய்தாள். மூன்று பேரும் மணலில் நடந்து வியர்த்து வந்து உட்கார்ந்தார்கள். அடுப்பு மூட்டவில்லை, கோப்பை வரவில்லை. வஜீஹ் கழுத்தெல்லாம் வியர்க்க, எல்லாக் கேள்விக்கும் இல்லை, இல்லை என்றார். வெட்கமாக இருந்தாலும் அதுவரை மதிப்பெண் இருபதைத் தொடவில்லை. பதினொரு நிமிடம் இப்படி நன்றாகவே போயிற்று.

அவர் கணக்கில் எடுக்காதது பக்கத்துக் கூடாரங்களை. முப்பத்தொன்றில் விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் புகை எழும்பவில்லை என்பதை உம் லுத்ஃபி பார்த்துவிட்டாள். ஐயோ, அவர்களிடம் ஒன்றுமே இல்லை போலிருக்கிறது, மானம் போகிறதே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு ஒரு கை நீண்டது. தேநீர்த் தட்டை வைத்துவிட்டு மறைந்தது. அடுத்த நிமிடம் முப்பத்தி நாலிலிருந்து ரொட்டியும், கோதுமையை வறுத்து இடித்த துக்காப் பொடியும் வந்தன. இருபத்தைந்திலிருந்து உப்பில் போட்ட மிளகாய். எந்தக் கூடாரத்திலிருந்து வந்தது என்றே தெரியாமல் நான்கு ஆலிவ் காய்கள். கொண்டு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "இன்ஷிராஹ், நீ கேட்டு வெச்சிருந்தியே, உன்னுது." அவளுடைய பெயரைக் காப்பாற்றுகிறார்களாம்.

ஸஃப்வான் ஆலிவ் காய்களை எண்ணினார். அவர் கண்ணில் ஆராய்ச்சியாளனின் ஒளி வந்துவிட்டது. "போடும்மா," என்றார் ஹனீனிடம். "எல்லாத்தையும் போடு."

அந்த மறு அளவீட்டில் வஜீஹின் குடும்பத்துக்கு அறுபத்து மூன்று. செய்தி இந்தத் தடவை அவருக்கு மட்டும் வரவில்லை. ஏழாவது வரிசையின் பன்னிரண்டு கூடாரங்களுக்கும் வந்தது. பன்னிரண்டு குடும்பமும் ஒரே நாளில் பசியிலிருந்து வெளியேறியிருந்தன. வரிசைக்குச் சமூக உணவுப் பரிமாற்ற முன்மாதிரி என்ற பட்டமும் சேர்ந்து வந்தது.

உம் லுத்ஃபி இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து வாசலில் நின்றாள்.

"நல்லாயிருப்பீங்களா? உங்க வீட்டு மானத்தைக் காப்பாத்தப் போய் என் மாவு போச்சு!"

"உன்னை யாருடி அனுப்பச் சொன்னா? நானே பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன்!"

"பல்லைக் கடிச்சியா? வர்றவங்களுக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுக்காம உக்காந்திருந்தியா? நீயா? வெட்கமா இல்ல?"

"இப்ப எதுக்குத் திட்டறே, குடுத்ததுக்கா குடுக்காததுக்கா?"

"ரெண்டுக்கும்தான்!" என்று சொல்லிவிட்டு உம் லுத்ஃபி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். இன்ஷிராஹும் அழுதாள். வஜீஹ் வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைக்கு மேல் ஆளில்லா விமானம் வழக்கம்போல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அதற்கும் எல்லாம் தெரிந்திருக்கும். கடற்கரையில் யார் அடுப்பு எரிகிறது, யார் அடுப்பு எரியவில்லை என்று அதைவிட நன்றாகப் பார்க்கிறவர் யாரும் இல்லை.

அப்போதுதான் உண்மையாகவே மாவு வந்தது. பதினான்கு லாரிகள். கிடங்கில் இறக்கி அடுக்கியிருப்பதை வரிசைப் பிள்ளைகள் வேலி வழியாகக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார்கள். ஸஃப்வானும் வந்து ஒரு நல்ல செய்தி சொன்னார். மையத்தின் இயக்குநரே நேரில் வந்து இந்த முன்மாதிரி வரிசையைப் பார்க்கப் போகிறார். முப்பத்தொன்றாம் கூடாரத்தில் அவர் முன்னிலையில் கடைசி அளவீடு நடக்கும். அன்றைக்கு மதிப்பெண் இருபத்தெட்டுக்குக் கீழே வந்தால் பன்னிரண்டு குடும்பத்துக்கும் மூட்டை. வராவிட்டால் கோப்பு மூடப்படும்.

வரிசையே கூடிப் பேசியது. வஜீஹ் நடுவில் நின்று, எல்லார் கையையும் பிடித்து வாக்கு வாங்கினார். யார் கூடாரத்திலும் புகை கூடாது. தட்டு, கோப்பை, டம்ளர் எதுவும் கண்ணில் படக் கூடாது. பிள்ளைகள் எல்லாம் கடற்கரைக்கு. "ஒரு நாள், ஒரே ஒரு நாள் நாம எல்லாரும் கேவலமா நடந்துக்கணும்," என்றார். "அல்லாஹ் மன்னிச்சுக்குவான். அவனுக்கு நம்ம நிலைமை தெரியும், அவன் அளந்து பாக்க வேண்டியதில்ல." பேரப்பிள்ளைகளுக்கென்று தட்டி வைத்திருந்த ஒரே ஒரு மக்ரோனி ரொட்டியைத் துணியில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்தார்கள்.

இயக்குநர் உயரமான மனிதர், நல்லவர். குனிந்து கூடாரத்துக்குள் வந்து, பாய் மேல் முழங்கால் மடக்கி உட்காரச் சிரமப்பட்டு, அதற்கும் மன்னிப்புக் கேட்டார். காவலர் ஒருவர் வாசலில் நின்று இருபது நிமிடம் என்று விரலால் காட்டினார். இயக்குநர் பேசப் பேச ஸஃப்வான் மொழிபெயர்த்தார்.

"நாங்கள் உங்களுக்குக் கற்றுக்கொடுக்க வரவில்லை, உங்களிடம் கற்றுக்கொள்ள வந்திருக்கிறோம். எங்கள் தரவின்படி இந்த வரிசைக்குள் வந்த உணவு பூஜ்யம். இந்த வரிசையிலிருந்து வெளியே வந்த உணவு ஏராளம். தலைமையகத்தில் இதை யாராலும் விளக்க முடியவில்லை. ஆகவே இதற்கு மீள்திறன் என்று பெயர் வைத்திருக்கிறோம்."

தூரத்தில் எங்கோ குண்டு விழுந்தது. கூடாரக் கம்பு அதிர்ந்தது. இயக்குநர் மரியாதையாக ஒரு நிமிடம் மௌனமாக இருந்துவிட்டுத் தொடர்ந்தார்.

"மாவு தீர்ந்துவிடும், நண்பர்களே. மீள்திறன் தீராது. அதற்கு லாரி வேண்டாம், டீசல் வேண்டாம். எல்லைக் கதவைத் திறக்கச் சொல்லி யாரிடமும் கெஞ்ச வேண்டாம், யாருடைய மனத்தையும் புண்படுத்த வேண்டாம். எங்கள் நன்கொடையாளர்களுக்கு உங்கள் மேல் இருக்கும் அன்பு இதனால்தான் நாளுக்கு நாள் கூடுகிறது."

வஜீஹுக்கு மீள்திறன் என்றால் என்னவென்று விளங்கவில்லை. அது ஏதோ தன்னிடம் இருக்கிறது, அதனால்தான் மாவு கிடைக்கவில்லை என்பது மட்டும் விளங்கியது. எங்கே இருக்கிறது என்று சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடலாமே என்று நினைத்தார்.

அளவீடு தொடங்கியது. சர்க்கரை? இல்லை. பருப்பு? இல்லை. எண்ணெய்? இல்லை. தட்டு எதுவும் வரவில்லை. வெளியே ஒரு சத்தமில்லை. ஏழாவது வரிசை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்ஷிராஹ் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். பலகையில் மதிப்பெண் பதினாறு என்று ஓடிக்கொண்டிருந்ததை ஸஃப்வானின் வாடிய முகமே சொன்னது. இன்னும் இரண்டே கேள்வி.

ஹனீனின் விரல் பலகை மேல் நழுவியது. மறுபடி தட்டப் பார்த்தாள், விரல் நடுங்கியது. பலகை பாயில் விழுந்தது. அவள் கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"வெயில்," என்றார் ஸஃப்வான்.

வெயில் இல்லை. அந்த நடுக்கம் எதனால் வருவது என்று கூடாரத்தில் இருந்த இரண்டு பேருக்குத் தெரியும். தினமும் வீட்டிலேயே பார்க்கிறார்கள். இன்ஷிராஹ் அசையவில்லை. சத்தியம் சத்தியம்தான். அவள் கண்ணில் மட்டும் நீர் நிறைந்து நின்றது.

"சாப்பிட்டு எத்தனை நாளாச்சும்மா?" என்று வஜீஹ் கேட்டார்.

"முந்தாநாள் மாமா." ஹனீன் கண்ணைத் திறக்கவில்லை. "எங்க கூடாரம் பதினாலாவது வரிசையில. எனக்கு வேலை இருக்குன்னு எங்களுக்குப் பட்டியல்ல இடம் இல்ல. சம்பளத்துக்கு வாங்கறதுக்குச் சந்தையில ஒண்ணும் இல்ல."

பன்னிரண்டு குடும்பத்தின் கையைப் பிடித்து வாக்கு வாங்கியவர் வஜீஹ். அவர் மனைவியைப் பார்க்காமலே சொன்னார்.

"அந்த ரொட்டியை எடு."

"எழுதிடுவாங்க."

"எழுதட்டும். எடு."

இன்ஷிராஹ் தலையணைக்கு அடியில் கையை விட்டாள். ஹனீன் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே வாங்கினாள். பாதியை மெல்லாமலே விழுங்கினாள். மீதியை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா இருக்காங்க," என்றாள். "கொண்டு போ," என்றாள் இன்ஷிராஹ்.

இயக்குநரின் கண் கலங்கிவிட்டது. இதைத்தான் பார்க்க வந்தேன் என்றார். பதிவு செய்யுங்கள் என்றார்.

ஹனீன் பலகையை எடுத்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடியே தட்டினாள். உணவு, ரொட்டி ஒன்று. சாப்பிட்டவர், அளவீட்டாளர். பலகை சிவப்பாக மாறியது. அவள் மறுபடி தட்டினாள். மறுபடி சிவப்பு. மூன்றாம் முறை அதில் வந்ததை வாய்விட்டுப் படித்தாள். "அளவீட்டாளரைப் பசித்தவராகப் பதிய இயலாது. விவரத்தைத் திருத்தவும்."

"என்ன சிக்கல்?" என்றார் இயக்குநர்.

"சின்னத் தொழில்நுட்பக் கோளாறு ஐயா," என்றார் ஸஃப்வான்.

வாசலில் காவலர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இயக்குநர் எழுந்தார். "ரொட்டி இருந்தது, நாம் கண்ணால் பார்த்தோம். இப்போது இல்லை. யாராவது சாப்பிட்டதாகக் காட்டித்தானே ஆக வேண்டும்? வீட்டார் சாப்பிட்டதாக எழுதிவிடுங்கள்."

ஹனீன் வஜீஹைப் பார்த்தாள். அவர் கையை அசைத்து, எழுது என்றார். அவள் எழுதினாள். பலகை பச்சையாக மாறியது. மதிப்பெண் முப்பத்தொன்று: தேர்ச்சி.

அவர்கள் மணலில் நடந்து வண்டிக்குப் போனார்கள். ஏழாவது வரிசையின் கூடாரத் துணிகள் ஒவ்வொன்றாக விலகின. வஜீஹின் முகத்திலேயே எல்லாம் இருந்தது. பன்னிரண்டு மூட்டை மாவைத் தன் ஒரு வார்த்தையால் தொலைத்துவிட்டு நின்றார் அவர். அழுகையாக வந்தது. மறுபடி அந்தப் பெண் வந்து அப்படிக் கம்பைப் பிடித்தால் மறுபடியும் அதையேதான் சொல்லுவோம் என்பதும் தெரிந்தது. அதனால் கோபமும் வந்தது.

கடற்கரையிலிருந்து பிள்ளைகள் திரும்பினார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓடிவந்த நாலு வயது தீமா நேராகப் போய்த் தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் இருந்த துணியை எடுத்து உதறினாள். பிறகு அதைக் கையில் பிடித்தபடி வஜீஹிடம் வந்தாள்.

"தாத்தா, ரொட்டி எங்கே?"

வஜீஹ் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நாம சாப்பிட்டாச்சு கண்ணு," என்றார். "எழுதிட்டாங்க."